தொண்ணூற்று நாலு காட்டிய பேட்டரி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் பாயசம் விழுகிற நேரம். பக்கத்து இலைக்காரர், என் கணவருக்குத் தம்பி முறை, இடது கையால் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மதினி, எண்பத்தொண்ணு காட்டுது. பயப்படணுமா?" என்று கேட்டார். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அக்கறையாக விசாரித்தார். சர்க்கரை அளவு என்று நினைத்துவிட்டார். பேட்டரி அளவு என்று விளக்கிச் சொன்னதும் பந்தியே சிரித்தது. சிரித்து முடித்து எழுந்தவர்களில் பாதிப் பேர் கை கழுவிவிட்டுத் தங்கள் போனை எடுத்துப் பார்த்ததையும் நான் கவனித்தேன்.

இப்போது காலம் அப்படி. போனும் லேப்டாப்பும் தங்கள் பேட்டரியின் ஆரோக்கியம் இத்தனை சதவீதம் என்று தாங்களே சொல்லிவிடுகின்றன. நான் வேலை பார்த்த நாட்களில் அந்த எண்ணை வரவழைக்க நாங்கள் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்ட வேண்டும். வருகிற அறிக்கையைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் கடையில் அந்த ஆள் நான்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்திருக்கிற ஜெயந்தி, போன வாரம் போன் பண்ணினாள். தினமும் நாலு பேர் எண்ணைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள், நீங்கள் பார்த்த பஞ்சாயத்துகளை எழுதிக் கொடுங்கள் அக்கா, கடை வாட்ஸ்அப்பில் போடுவோம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்ததும், எல்லாவற்றுக்கும் முன்னால் சுதாவின் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வந்து நின்றது. அதற்கு வருவதற்குள் கடையையும் முதலாளியையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்துவிட்டு மைதீன் அண்ணாச்சி கடையில் சேர்ந்தபோது அங்கே லேப்டாப் என்ற பேச்சே கிடையாது. எமர்ஜென்சி விளக்கு, ஸ்டெபிலைசர், தீப்பெட்டி ஆபீஸ்களின் யு.பி.எஸ். இவ்வளவுதான். ஆசிட் பேட்டரிகளுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றியே சில வருடங்கள் போயின. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதன் பின்னால் லேப்டாப் வந்தது. அண்ணாச்சி என்னை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஏ.சி. குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்ததும், மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்ததும் நினைவிருக்கிறது. பாடத்தில் ஒன்றே ஒன்றுதான் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பேட்டரி தன் உடம்பைப் பற்றித் தானாக எதுவும் சொல்லாது. அதற்குள் ஒரு சின்ன சிப் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே வருகிற மின்சாரத்தையும் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து அது ஒரு மதிப்பைச் சொல்லும். நாம் திரையில் பார்ப்பது அந்த மதிப்பைத்தான்.

மைதீன் அண்ணாச்சி அதிகம் பேச மாட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். கடைக்கு லேப்டாப் வந்தால் அதைத் திறப்பதற்கு முன்னால், மேசையில் இருக்கிற கெட்டியான கண்ணாடிப் பலகை மேல் மூடினபடியே வைப்பார். நாலு மூலையிலும் ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்துவார். லேப்டாப் அசையாமல் கிடந்தால்தான் அடுத்த வேலை. ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, டச்பேடு தானாகவே மேலே எழும்பி வந்திருக்கிறது, விரலுக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது, ஆனால் க்ளிக் மட்டும் விழவில்லை என்றார். கண்ணாடி மேல் வைத்ததும் அது தொட்டில் மாதிரி ஆடியது. அண்ணாச்சி உடனே அதை அணைத்து, பின்பக்க முற்றத்தில் வைத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லி, அதை மணல் வாளிக்குள் வைக்கச் சொன்னார். தலையணை மாதிரி இருந்தது. ஸ்டூடியோக்காரர் குனிந்து பார்த்து, ஒரு ஊசியால் குத்தினால் காற்று இறங்கிவிடாதா என்று யோசனை சொன்னார். "நீங்க அந்த வாசல் பக்கம் போய் நில்லுங்க அண்ணாச்சி, டீ வரும்" என்று மட்டும் முதலாளி சொன்னார். குத்தினால் அது தீப்பிடித்துக்கொள்ளும்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். சாதாரணமாக என்னை "வேலம்மா, இதப் பாரு" என்பவர், கோபம் என்றால் "நீங்க இதக் கொஞ்சம் பாருங்க" என்பார். அந்த "நீங்க" காதில் விழுந்ததும் எனக்கு வியர்த்துவிடும்.

கண்ணாடிப் பலகைக்குப் பிறகு கேள்விகள். லேப்டாப் எத்தனை வருடப் பழசு என்று முதலில் கேட்க மாட்டார். இதில் என்ன வேலை பார்க்கிறீர்கள், எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள், கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கேட்பார். பேட்டரி "போச்சு" என்ற வார்த்தையை எங்கள் கடையில் சொல்லக் கூடாது. இவ்வளவு நேரம் தாங்கும், இந்த வேலைக்குத் தாங்கும், இந்த வேலைக்குத் தாங்காது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் தாங்குகிற பேட்டரி பில் போடுகிறவருக்குப் போதும், ஊர் ஊராகப் போகிறவருக்குப் போதாது, இதில் போச்சு என்று சொல்ல நாம் யார் என்பார்.

கடலைமிட்டாய்க் கம்பெனி வைத்திருந்த மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே நாளில் கடைக்கு வந்தது நல்ல வேடிக்கை. இருவரும் ஒரே மாடல் லேப்டாப்பை ஒன்றாக வாங்கியவர்கள். மாப்பிள்ளை சார்ஜரைப் பிடுங்கவே மாட்டார், பிடுங்கினால் பேட்டரி தேய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. மச்சான் தினமும் பேட்டரி சுத்தமாக வற்றி லேப்டாப் தானாக அணைந்த பிறகுதான் சார்ஜ் போடுவார், அப்போதுதான் அது ஜீரணமாகும் என்பது அவர் கட்சி. ஒருவர் செய்வது தப்பு என்று மற்றவர் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது யாருடைய பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எடுத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் எடுத்துப் பார்த்தேன். புதிதில் பிடித்த கொள்ளளவு ஒரு வரி, இன்றைக்குப் பிடிக்கிற கொள்ளளவு அடுத்த வரி. இரண்டு லேப்டாப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்மானம். மச்சானுடையது தினமும் முழுதாக நிரம்பி முழுதாக வற்றித் தேய்ந்தது. மாப்பிள்ளையுடையது, வெல்லப்பாகு காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்து அறையில், அந்தச் சூட்டில், கரண்ட் இல்லாத நாட்களில் மட்டும் வற்றி, மற்றபடி நாள் முழுக்க நூறிலேயே நின்று தேய்ந்தது.

"ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேந்திருக்கீங்க, பஸ்தான் வேற வேற" என்றார் அண்ணாச்சி. நூறு வரை ஏற்றாமல் எண்பதில் நிறுத்திக்கொள்ளும்படி லேப்டாப்பிலேயே ஒரு ஏற்பாடு இருப்பதைக் காட்டினேன். அடுப்புப் பக்கத்தை விட்டு மேசையை மாற்றச் சொன்னோம். இருவருக்கும் திருப்தி இல்லை. ஒருவராவது தோற்றிருந்தால் திருப்தியாகப் போயிருப்பார்கள்.

இனி சுதா.

பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊர். அப்பா ரெங்கசாமி மானாவாரி விவசாயி, கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சுதாவின் கணவர் தூத்துக்குடியில் துறைமுக லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில் வருவார். கையில் ஒரு குழந்தை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் சுதாவுக்கு வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுகிற தமிழ் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்த டாக்டர் எப்போது இருப்பார், எந்தக் காகிதம் கொண்டுவர வேண்டும் என்று. குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. அங்கே மேசை போட்டு, கீழேயிருந்து ஒயர் இழுத்து, அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அவள் எங்கள் கடைக்கு வந்தது ஒரு காலை நேரம், அப்போதுதான் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தோம். தோளில் லேப்டாப் பை, இடுப்பில் குழந்தை, பின்னால் அப்பா. பேட்டரி மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு அண்ணாச்சி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"பேட்டரி வேண்டாம் அக்கா. நான் பொய் சொல்லலன்னு தெரியணும். அது போதும்."

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் கரண்ட் அவ்வப்போது போகும். போன கொஞ்ச நேரத்திலேயே சுதாவின் லேப்டாப் பொட்டென்று அணைந்துவிடும். போனில் பேசிக்கொண்டிருக்கிற நோயாளி பாதியில் அறுந்துபோவார். அவள் மேலதிகாரியிடம் கரண்ட் போனதால் லேப்டாப் அணைந்துவிட்டது என்று சொன்னாள். அவர் கம்பெனி லேப்டாப்களைக் கவனிக்கிற பிரிவில் விசாரித்தார். அங்கே அவர்கள் திரையில் இந்த லேப்டாப்பின் பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூற்று நாலு சதவீதம் என்று இருந்தது. இவ்வளவு நல்ல பேட்டரி கரண்ட் போனால் இரண்டு மணி நேரமாவது ஓடும். அப்படியென்றால் இவள் குழந்தையைப் பார்க்கவோ வேறு எதற்கோ வேண்டுமென்றே அணைத்துவிட்டு, கரண்ட் மேல் பழி போடுகிறாள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இன்னொரு முறை அறுந்தால் வீட்டிலிருந்து பார்க்கிற அனுமதி ரத்து, பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா ரெங்கசாமி இன்வெர்ட்டர் வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். சுதா கேட்கவில்லை. இன்வெர்ட்டர் வந்தால் இனிமேல் அணையாது, இதுவரை அணைந்ததற்கு நான் பொய்க்காரி என்பது அப்படியே நிற்குமே என்றிருக்கிறாள். அவள் அதைச் சொல்லும்போது குரல் அழுகிற மாதிரி இல்லை. பல் வலிக்கிறவர்கள் பேசுகிற மாதிரி, வாயைச் சரியாகத் திறக்காமல் பேசினாள்.

அண்ணாச்சி கண்ணாடிப் பலகை மேல் வைத்து அழுத்தினார். ஆடவில்லை. நான் அறிக்கை எடுத்தேன். தொண்ணூற்று நாலு, சந்தேகமே இல்லை. எத்தனை முறை முழுதாக நிரம்பி வற்றியிருக்கிறது என்ற எண்ணிக்கையும் ரொம்பக் குறைச்சல். காகிதத்தில் பார்த்தால் புது லேப்டாப் மாதிரிதான். சார்ஜரைப் பிடுங்கினேன். அணையவில்லை. திரையில் வெறும் படம் ஓடியது, சதவீதம் ஒவ்வொன்றாக நிதானமாக இறங்கியது. குழந்தை தூங்கி விழித்து பிஸ்கட் சாப்பிடும் வரைக்கும் லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கே ஒரு நிமிடம் அந்தப் பெண் மேல் சந்தேகம் வந்தது. ரெங்கசாமி மகளைப் பார்த்தார். சுதா யாரையும் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "தாயி, வேலை பாக்கும்போது என்னென்ன தொறந்து வச்சிருப்ப? ஒண்ணு விடாம இங்கன தொறந்து காட்டு" என்றார்.

சுதா குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சார்ஜரைச் செருகினாள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினாள், தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெளிச்சத்தில் திரை தெரிய அப்படித்தான் வைக்க வேண்டுமாம். ஹெட்போனை மாட்டினாள். கம்பெனியின் போன் செயலி, நோயாளிகளின் விவரத் திரை, மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிற வீடியோ அழைப்பு, இன்னும் என்னென்னவோ. லேப்டாப் விசிறி இரைய ஆரம்பித்தது. நான் மறுபடி சார்ஜரைப் பிடுங்கினேன்.

சதவீதம் அறுபத்தி சொச்சத்தில் நின்றது. ஐம்பத்தொன்பது வந்தது. அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. சார்ஜரைச் செருகித் திறந்தால் இன்னமும் ஐம்பத்தேழு இருக்கிறது என்று சாதித்தது.

சுதா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "இதான் அக்கா. இதேதான்" என்றாள்.

இன்னொரு முறை செய்தோம், மறுபடியும் அதே மாதிரி பாதியில் அணைந்தது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த லேப்டாப் சார்ஜரை விட்டு இறங்கியதே இல்லை. கோடை வெயிலில் தகரக் கூரையின் கீழே நூறு சதவீதத்திலேயே கிடந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பேட்டரியின் உள்ளே சத்துக் குறைந்துவிட்டது. லேசான வேலைக்குத் தாக்குப்பிடிக்கும், கனமான வேலையைச் சுமத்தினால் வோல்டேஜ் சட்டென்று சரிந்து லேப்டாப் அணைந்துவிடும். ஆனால் உள்ளே கணக்கு வைக்கிற சிப்புக்கு இது தெரியாது. முழுதாக நிரம்பி முழுதாக வற்றினால்தான் அது புதிதாக அளக்க முடியும். வற்றவே இல்லை என்றால் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். சிப் பொய் சொல்லவில்லை. அதை யாரும் மறுபடி அளக்க விடவில்லை.

அளக்க விட வேண்டும் என்றார் அண்ணாச்சி. லேப்டாப்பை எங்களிடம் விட்டுப் போகச் சொன்னோம். சுதா கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். இது கம்பெனியின் லேப்டாப், அடியில் அவர்கள் முத்திரை ஒட்டியிருந்தது, ஆகையால் நாங்கள் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. செய்ததெல்லாம் வெளியிலிருந்துதான். நூறு வரை ஏற்றி, அப்படியே சார்ஜரில் கொஞ்ச நேரம் ஆற விட்டு, பிறகு சார்ஜரைப் பிடுங்கி, வோல்டேஜ் சரிந்து நடுவில் அணையாதபடி லேசான வேலையில் ஓடவிட்டு, கடைசிச் சொட்டு வரை வற்ற விட்டோம். வற்றியதும் உடனே சார்ஜ் போடாமல் பேட்டரி குளிரும்வரை காத்திருந்து, இடையில் தொந்தரவு பண்ணாமல் மறுபடி நூறு வரை ஏற்றினோம். இதையே திரும்பவும் செய்தோம். பொறுமை மட்டும்தான் வேண்டும், கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எண் இறங்கியது. மேற்கொண்டு இறங்காமல் நின்றபோது ஐம்பத்திரண்டு.

எனக்கு ரொம்ப சந்தோஷம். டாக்டர் நோயைக் கண்டுபிடித்துவிட்டால் சந்தோஷப்படுவாரே, அந்த மாதிரி. ரெங்கசாமி லேப்டாப்பை வாங்க வந்தபோது அந்த சந்தோஷத்தோடேயே திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னாலேயே வந்த மகளிடம், "ஏமம்மா இதி?" என்றார், என்னம்மா இது என்று. கோபம் வந்தால் அவருக்கு முதல் வார்த்தை தெலுங்கில்தான் வரும் என்று சுதா பிறகு சொன்னாள். அடுத்து வந்ததெல்லாம் நல்ல தமிழ். தொண்ணூற்று நாலாகக் கொடுத்த பொருளை ஐம்பத்திரண்டாகத் திருப்பித் தருகிறோம். பாதியை எடுத்துவிட்டோம். நல்ல பேட்டரியை உருவிவிட்டு, எங்கேயோ கிடந்த ஓட்டைப் பேட்டரியை உள்ளே வைத்துவிட்டோம். டவுன்காரன் புத்தி இதுதான் என்று கத்தினார். பக்கத்துச் செருப்புக் கடையிலிருந்தும் பலசரக்குக் கடையிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

நான் விளக்க ஆரம்பித்தேன். சிப் என்றேன், கொள்ளளவு என்றேன், வோல்டேஜ் என்றேன். நான் பேசப் பேச அவர் முகம் இன்னும் இறுகியது. விளக்கம் கூடக் கூட நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டிருந்தது.

"வேலம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. நீங்க. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து ரெங்கசாமியின் கையில் கொடுத்தார். அடியில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ரெங்கசாமி நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். கிழியாமல், சுருக்கம் இல்லாமல், ஒட்டினது ஒட்டின மாதிரி இருந்தது. தொறக்கவேயில்லையா என்று சந்தேகம் மாறாமல் கேட்டார். திறக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது என்றார் அண்ணாச்சி. அப்படியானால் மிச்சம் எங்கே போனது என்று ரெங்கசாமி கேட்டார். நியாயமான கேள்விதான்.

அண்ணாச்சி அவரை உட்கார வைத்து டீ சொன்னார். பிறகு, உங்கள் ஊர்க் கண்மாய் இந்த வருடம் நிறைந்ததா என்று கேட்டார். ரெங்கசாமி ஒன்றும் புரியாமல், நிறைந்து மறுகால் போனது என்றார். அப்படியானால் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்டார். முன்னே மாதிரி எங்கே நிற்கிறது, வண்டல் ஏறிக் கிடக்கிறது, கரை தொட்டு நிற்கும், பார்த்தால் கடல் மாதிரி இருக்கும், மாசி முடியத் தரை தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டல் என்ற வார்த்தை அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது தெரிந்தது.

"அப்போ மொதல்ல தொண்ணூத்தி நாலுன்னு காட்டிச்சே, அது?"

"அது தூர்வாரின வருசத்துக் கணக்கு அண்ணாச்சி. அதுக்கப்புறம் யாரும் எறங்கி அளக்கல. இப்பதான் நம்ம வேலம்மா எறங்கி அளந்திருக்கா" என்றார் முதலாளி.

ரெங்கசாமி டீயைக் குடித்து முடித்தார். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, என்ன வேடிக்கை, அவிய அவிய வேலையப் பாருங்க என்று விரட்டினார். கூட்டத்தைக் கூட்டியதே அவர்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வண்டல் அள்ளி வயலில் கொட்டினவர் அவர், அதனால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நானும் அன்றிலிருந்து சிப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். கண்மாய் இல்லாத ஊர் எங்கள் பக்கம் எது?

அடுத்தது கம்பெனி. சுதா எங்கள் கடையிலிருந்தே லேப்டாப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஒரு இளைஞர், பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினார். அவர் திரையிலும் இப்போது ஐம்பத்திரண்டு தெரிந்தது. இது எப்படி இறங்கியது என்று கேட்டார். நான் போனை வாங்கி, செய்ததை வரிசையாகச் சொன்னேன். எந்தெந்தச் செயலி திறந்திருந்தபோது எந்தச் சதவீதத்தில் அணைந்தது என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, எங்கள் விதிப்படி இந்த அளவுக்குக் கீழே போனால் பேட்டரி மாற்ற வேண்டும், அனுப்பி வைக்கிறேன், நீங்களே மாட்டிக்கொடுக்க அனுமதியும் அனுப்புகிறேன் என்றார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் பல பேர் சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை, அவர்களுடைய எண்களையும் நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், எல்லோரையும் ஒரு முறை வற்ற விட்டு அளக்கச் சொல்கிறேன் என்று தானாகவே சொன்னார். நல்ல பிள்ளை.

சுதா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். இதுவரை அறுந்துபோன அழைப்புகளுக்குக் காரணம் பேட்டரிதான் என்று மேலதிகாரிக்கு எழுதுவீர்களா என்று. எழுதுகிறேன், இப்போதே எழுதுகிறேன் என்றார். அவள் போனை வைத்தாள். குழந்தையை அப்பாவிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாயைச் சரியாகத் திறக்காமல் பேசிக்கொண்டிருந்த பெண், கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற வழியெல்லாம் குழந்தையிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் கேட்டது.

புது பேட்டரி வந்தது. முத்திரையைப் பிரித்து, நான் மாட்டினேன். முதல் வேலையாக ஒரு முறை முழுதாக ஓடவிட்டு அளந்தேன். எண்பதில் நிறுத்திக்கொள்ளும்படி வைத்தேன். தகரக் கூரைக்குக் கீழே தென்னங்கீற்று வேயச் சொன்னோம், ரெங்கசாமி அன்றைக்கே வேய்ந்துவிட்டாராம். மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜரைப் பிடுங்கி வேலை பார்க்கச் சொன்னதை, பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற தேதி மாதிரி சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

கொஞ்ச நாள் கழித்து, மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க அந்தப் பக்கம் கரண்ட்டை நிறுத்துகிற நாள் வந்தது. கடையில் நல்ல கூட்டம். அண்ணாச்சியின் போன் அடித்தது. முதலாளி எடுத்து, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். நெற்றியைச் சுருக்கினார். எனக்குச் சைகை காட்டிவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

ரெங்கசாமியின் குரல், கோவிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாக வந்தது. மாடிப்படியில் நிற்கிறாராம். ஊரில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறதாம். போனை அறை வாசலுக்கு நேரே பிடிக்கிறேன், கேளுங்கள் என்றார்.

தூரத்தில் ஒரு பெண் குரல். வார்த்தைகள் பிடிபடவில்லை. யாருக்கோ எதையோ நிதானமாக, பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்தியது, மறுபடி தொடங்கியது. ஒரு முறை லேசாகச் சிரித்தது. அறுபடவே இல்லை. கீற்றில் காற்று அடிக்கிற சத்தமும் ஒரு கோழியின் சத்தமும் இடையில் வந்தன. கடையில் நின்ற வாடிக்கையாளர்களும் என்ன ஏது என்று தெரியாமலே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கொஞ்ச நேரம் ஆனதும் ரெங்கசாமியின் குரல் மறுபடி வந்தது.

"கை வலிக்கி அண்ணாச்சி. இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"கரண்ட் வார வரைக்கும் பிடிங்க" என்றார் முதலாளி. "நாங்க இங்கன கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."